லீலாம்மாவையும் அஞ்சுவையும் பற்றி மகளுக்கு

நாகர்கோவில்

அன்புள்ள ரேவதி,

'உள்ளொழுக்கு' என்ற மலையாளப் படத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டதாகவும், மாமியாரும் மருமகளும் ஒருவரிடம் ஒருவர் உண்மையை மறைத்துக்கொண்டே இருக்கும்போது யார் பக்கம் நின்று பார்ப்பது என்றும் தொலைபேசியில் கேட்டாய். அப்போதே ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் உன் கல்யாணப் பேச்சைப் பற்றியும் பேச வேண்டிவரும். அதை நீ அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் பேச எனக்கு மனமில்லை. அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ கேட்ட கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் படத்தில் யார் பக்கமும் நிற்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். முதலில் மறைத்தது யார், மறைக்கும் வசதி யாருக்கு இருந்தது, அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்று வரிசையாகப் பார்த்தால் போதும். துணிக்கடையில் வேலை பார்க்கும் அஞ்சு ராஜீவை விரும்புகிறாள் என்பது அவளைப் பெற்றவர்களுக்குத் தெரியும். தெரிந்தும், வேற்று மதத்துப் பையன் வேண்டாம் என்று சொல்லி, கேரளத்தின் குட்டநாட்டில் வீடும் பெயரும் உள்ள குடும்பத்துத் தாமஸ்குட்டிக்கு அவளைக் கட்டிவைக்கிறார்கள். கல்யாணம் முடிந்து கொஞ்ச காலத்திலேயே அவன் படுத்த படுக்கையாகிவிடுகிறான். பெண் பார்ப்பதும் கல்யாணமும் சில நிமிடங்களில் முடிந்துவிடுவதாகவும், அந்த இடம் அவசரமாக எடுக்கப்பட்டதாகவும் நீ குறைப்பட்டாய். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. அந்தப் பெண்ணிடம் யாரும் எதையும் கேட்கவில்லை; கேட்காத இடத்தில் காட்டுவதற்கு இயக்குநர் கிறிஸ்டோ டோமிக்கு என்ன இருந்திருக்கும்? சம்மதம் என்ற பெயரில் அங்கே நடந்ததெல்லாம் அவள் வாயடைத்து நின்றது மட்டும்தான். ஆகவே அதற்கு அந்த அளவு நேரமே சரி.

தாமஸ்குட்டியின் உடம்பு புதிதாகக் கெட்டதல்ல, நோய் முன்பே இருந்தது, அது அவனுடைய அம்மா லீலாம்மாவுக்குத் தெரியும் என்பதுதான் அந்தக் கதையின் வேர். இதைப் பற்றிச் சொல்லும்போது உன் குரலில் இருந்த கோபம் எனக்குப் புரிந்தது. இருந்தாலும் லீலாம்மாவைக் கொடுமைக்காரியாக என்னால் பார்க்க முடியவில்லை. மகன் பிழைத்துக்கொள்வான் என்று அவள் நம்பியிருக்கிறாள். ஒரு கால்கட்டுப் போட்டுவிட்டால், ஒரு பேரப்பிள்ளை வந்துவிட்டால், வீடு நிமிர்ந்துவிடும் என்று எண்ணியிருக்கிறாள். மருமகளிடம் அவள் காட்டும் அன்பும் நடிப்பு அல்ல. அந்த அன்பு உண்மையாக இருப்பதால்தான் அந்தப் பொய் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. கெட்டவர்கள் மட்டுமே ஏமாற்றுவார்கள் என்றால் குடும்ப நீதிமன்றங்களில் இவ்வளவு கூட்டம் இருக்காது என்பதை, அங்கே எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன். என் கையில் வந்த மனுக்களில் பாதிக்கு மேல், இரு வீட்டாரும் நல்லது என்று நினைத்து மறைத்த ஏதோ ஒன்றிலிருந்து தொடங்கியவை என்றே நினைவிருக்கிறது.

லீலாம்மாவாக வரும் ஊர்வசியின் நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியவில்லை. 1983இல் 'முந்தானை முடிச்சு' வந்தபோது அவரைப் பார்த்துச் சிரித்த தலைமுறை எங்களுடையது; அதன் பிறகும் தமிழில் அவரைப் பெரும்பாலும் சிரிக்க வைப்பவராகவே பார்த்துப் பழகிவிட்டோம். அந்த முகம் இந்தப் படத்தில், மகனை இழந்த நேரத்தில் மருமகள் வயிற்றில் ஒரு குழந்தை இருப்பதை அறிந்து, அது தன் மகனின் குழந்தை என்று நம்பி மலரும் இடம் இருக்கிறதே, அந்த மகிழ்ச்சியைப் பார்க்கும் நமக்கு, கல்யாணத்துக்குப் பிறகும் அஞ்சு ராஜீவோடு உறவில் இருந்தாள், அது அவனுடைய குழந்தை என்ற உண்மை தெரியும் என்பதால் நெஞ்சு பதறுகிறது. 2023ஆம் ஆண்டுக்கான கேரள அரசின் சிறந்த நடிகை விருதை அவர் பீனா ஆர். சந்திரனுடன் பகிர்ந்துகொண்டார். பிறகு 71ஆவது தேசிய விருதுகளில் இந்தப் படமே சிறந்த மலையாளப் படமாகத் தேர்வானது. ஆனால் ஊர்வசிக்குக் கிடைத்தது சிறந்த துணை நடிகை விருது. அந்த வகைப்படுத்தலை நான் ஏற்கவில்லை. அஞ்சுவாக வரும் பார்வதியும் அவரும் கதையைச் சரிபாதியாகச் சுமக்கிறார்கள். லீலாம்மா எந்த வகையிலும் துணைக் கதாபாத்திரம் அல்ல.

வெள்ளத்தைப் பற்றியும் நீ ஒன்று சொன்னாய். மழையும் தண்ணீரும் திரும்பத் திரும்ப வருவது சலிப்பாக இருக்கிறது என்று. குட்டநாட்டை நீ பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாய். பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆகிய ஆறுகளின் தண்ணீர் வேம்பநாட்டுக் காயலுக்கு வந்து சேரும் தாழ்நிலம் அது. வரப்பு கட்டி, தண்ணீரை இறைத்து வெளியேற்றி, கடல்மட்டத்துக்கும் கீழே நெல் விளைவிக்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை வலுத்துவிட்டால் வீட்டுக்குள் தண்ணீர் வருவதும், கட்டிலை உயர்த்திப் போட்டுக்கொண்டு காத்திருப்பதும் அங்கே பலருக்குப் பழகிப்போன வாழ்க்கை. அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் இறந்துவிட்டால், தண்ணீர் வடியும்வரை கல்லறைத் தோட்டத்தில் குழி திறக்க முடியாது. மகனைக் குடும்பக் கல்லறையில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று லீலாம்மா பிடிவாதமாக இருப்பதால், சாதாரணமாக ஓரிரு நாளில் முடிந்துபோகும் சடங்கு நீள்கிறது. துக்கத்துக்கு வந்தவர்களும் போகமுடியாமல், மறைத்து வைத்ததும் தாங்கமுடியாமல், எல்லாரும் ஒரே கூரையின்கீழ் அடைபட்டுக் கிடக்கிறார்கள். அடக்கம் உடனே நடந்திருந்தால் அஞ்சு தன் பெட்டியை எடுத்துக்கொண்டு எதுவும் சொல்லாமலே போயிருப்பாள், லீலாம்மாவும் எதையும் அறியாமலே இருந்திருப்பாள். ஆகவே அந்தத் தண்ணீரை வெறும் அலங்காரம் என்று ஒதுக்காதே. அது இல்லாவிட்டால் அந்த இருவரும் ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

அஞ்சு செய்தது குற்றமில்லையா என்று கேட்டாய். சட்டப்படிக் கேட்கிறாய் என்றால், திருமணத்துக்கு வெளியே உள்ள உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று ஜோசப் ஷைன் வழக்கில் நீக்கிவிட்டது. அதற்கு முன்பும் அந்தப் பிரிவின்கீழ் பெண்ணுக்குத் தண்டனை கிடையாது. விவாகரத்துக்கு அது ஒரு காரணம் என்பது மட்டும் இன்றும் உண்டு. மறுபக்கத்தையும் பார். கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில், வற்புறுத்தியோ ஏமாற்றியோ பெற்ற சம்மதத்தின்பேரில் நடந்த திருமணத்தைச் செல்லாது என்று அறிவிக்க வழி இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்திலும் 12ஆவது பிரிவில் அது உண்டு. சட்டம் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. ஆனால் தன்னை ஏமாற்றியிருக்கிறார்கள் என்பதே தெரியாத பெண், பெற்ற வீட்டுக்குத் திரும்பிப் போகவும் முடியாத பெண், நோயாளியின் மலத்தையும் சிறுநீரையும் எடுத்துக்கொண்டிருக்கும் பெண், எந்தக் கதவைத் தட்டுவாள்? மனசாட்சிப்படிக் கேட்கிறாய் என்றால், அவள் கணவனிடம் பொய்யாக இருந்தாள் என்பதை நான் மறுக்கவில்லை. அவளும் மறுக்கவில்லை, உண்மையைச் சொல்லத் துணிந்தவள் அவள்தான். அவள் பொய், தப்பிக்க வழியில்லாதவள் சொன்ன பொய். லீலாம்மாவின் பொய், வேறு வழிகள் இருந்தும் சொன்ன பொய். இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அந்தக் கதையில் நான் அதிகம் கோபப்படுவது அஞ்சுவைப் பெற்றவர்கள் மீதுதான். லீலாம்மாவுக்காவது சாகும் மகன் என்ற துயரம் இருந்தது. இவர்களுக்கு என்ன இருந்தது? ஊர் என்ன சொல்லும் என்ற பயமும், மகள் ஒரு நல்ல வீட்டில் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்ற நிம்மதியும்தானே. மகள் வாய்திறந்து சொல்லும்போதுகூட, அவள் சொல்வதைக் கேட்பதைவிட அவளை அடக்குவதிலேயே அவளுடைய அம்மா குறியாக இருக்கிறாள். அந்த அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்கியது. மற்றக் கதாபாத்திரங்கள் எல்லாரும் படம் முடிவதற்குள் தாங்கள் நின்ற இடத்திலிருந்து கொஞ்சமாவது மாறுகிறார்கள், அவள் மாறவில்லை.

படத்தை நீ நிறுத்திய இடத்திலிருந்து மீதியையும் பார். முடிவை நான் எழுதப் போவதில்லை. லீலாம்மாவும் ஒரு காலத்தில் மணப்பெண்ணாக அந்த வீட்டுக்குள் வந்தவள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பார். ராஜீவையும் கவனி, காதலன் என்பதாலேயே அவனிடம் எல்லாம் சரியாக இருக்கும் என்று அந்தப் படம் சொல்லவில்லை.

இனி உன் விஷயம். சிறு வயதில் உனக்கு வந்த வலிப்பைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல வேண்டியதில்லை என்று பெரியம்மா உன்னிடம் பேசியிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். மருந்தை நிறுத்தி எத்தனையோ வருடமாகிவிட்டது, ஒன்றும் இல்லாததை நாமே ஏன் கிளற வேண்டும், ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்தச் சொல்லித்தானே பெரியவர்கள் சொன்னார்கள் என்று என்னிடமும் சொன்னாள். அவள் உன்மேல் உள்ள பாசத்தால்தான் பேசுகிறாள்; லீலாம்மாவும் பாசத்தால்தான் செய்தாள். வலிப்பு இருப்பது திருமணத்துக்குத் தடை என்று நம் சட்டத்தில் இருந்த வாசகத்தை 1999இல் நாடாளுமன்றமே திருத்தி எடுத்துவிட்டது. அப்படி மறைத்து வைக்க வேண்டிய அளவுக்கு அது இழிவானதல்ல. கல்யாணத்துக்குப் பிறகு அவர்களுக்கு வேறு வழியில் தெரியவந்தால், நோய் ஒரு பொருட்டாக இருக்காது, நாம் மறைத்ததுதான் பேச்சாக இருக்கும். அதன்பிறகு நீ சொல்லும் ஒவ்வொரு உண்மையையும் அவர்கள் சந்தேகத்தோடு கேட்பார்கள். இதைக் கேட்டுப் பின்வாங்குகிறவர்கள் பின்வாங்கட்டும். உன் உடம்பில் நடந்ததை அறிந்தே உன்னை விரும்பி ஏற்பவன் வரும்வரை நான் காத்திருப்பேன், எனக்கு எந்த அவசரமும் இல்லை.

அதேபோல அவர்கள் பக்கத்திலும் நான் கேட்பேன். பையனின் உடல்நிலை, கடன், முன்பு பேசி முறிந்த சம்பந்தம் ஏதாவது இருந்ததா, அவனுக்கு மனப்பூர்வமான சம்மதமா, எல்லாவற்றையும் கேட்பேன். கேட்பது மரியாதைக் குறைவு என்று உன் அப்பா தயங்குகிறார். அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். உனக்கு வேறு யாரையாவது பிடித்திருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடு. அது யாராக இருந்தாலும், எந்த ஊராக, எந்த மதமாக இருந்தாலும், முதலில் அவனை வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டு உட்காரவைத்துப் பேசுவேன். அதன்பிறகுதான் என் கருத்தைச் சொல்வேன்.

ஆனால் அது உன் உடம்பு, உன் செய்தி. உன்னைக் கேட்காமல் நான் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். பையனிடம் நீயே நேரடியாகச் சொல்ல விரும்பினால் அதுவே நல்லது. கூச்சமாக இருந்தால் நான் அவனுடைய அம்மாவிடம் தனியாகப் பேசுகிறேன். அவர்கள் அடுத்த மாதம் முதல் வாரத்தில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நிச்சயத் தேதியைப் பற்றிப் பேச்சு எடுப்பதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். மருந்தை நிறுத்தலாம் என்று நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதம் உன் பழைய கோப்பில் இருக்கும். அதைத் தேடி எடுத்து எனக்கு ஒரு படம் அனுப்பு. எது உனக்கு வசதி என்பதையும் இந்த வாரத்துக்குள் எழுது.

அன்புடன்,
அம்மா