குறியீடும் குடும்பக் கணக்கும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இந்த நான்கு ஆண்டில் பங்குச் சந்தை இவ்வளவு ஏறியிருக்கும்போது ஆட்சி சரியில்லை என்று எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தாய். அடுத்த வரியிலேயே, அப்படியானால் மாதக் கடைசியில் சாதாரணக் குடும்பத்தின் கையில் ஏன் எதுவும் நிற்பதில்லை என்றும் கேட்டிருந்தாய். சந்தையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறியீட்டெண் எதை அளக்கிறது என்று பிடிபட்டால் இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும்.

பட்டியலில் உள்ள நிறுவனங்கள் இனி ஈட்டப்போகும் லாபத்துக்கு இன்று எவ்வளவு விலை கொடுக்கலாம் என்று பலர் சேர்ந்து போடும் கணக்குதான் அது. இதில் வட்டி விகிதத்துக்குப் பெரிய பங்கு. கடன் பத்திரங்களுக்கு வட்டி குறைந்தால், அதே லாபத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க ஆள் வந்துவிடுவார்கள். 2020-ஐ எடுத்துக்கொள். பிப்ரவரி 19-க்கும் மார்ச் 23-க்கும் இடையில் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 என்ற பங்குக் குறியீடு ஏறக்குறைய 34 சதவீதம் விழுந்தது. ஆகஸ்டிலேயே பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. அந்த ஆகஸ்டில் அங்கே வேலையின்மை இன்னும் 8 சதவீதத்துக்கு மேல் இருந்தது. மத்திய வங்கி மார்ச் 15 அன்று வட்டியைப் பூஜ்ஜியத்தை ஒட்டி இறக்கியிருந்தது. வீட்டிலிருந்தபடி வேலை நடக்க உதவிய பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் குறியீட்டில் கனமாக உட்கார்ந்திருந்தன. இழுத்து மூடிய சிறு உணவகமும் முடிதிருத்தகமும் அதில் கிடையாது.

எடை போடும் விதத்தையும் கவனி. சந்தை மதிப்பை, அதாவது ஒரு நிறுவனத்தின் எல்லாப் பங்குகளின் மொத்த விலையை, வைத்து எடை தருவதால், 500 நிறுவனங்கள் கொண்ட எஸ் அண்ட் பி-யில் முதல் 10 நிறுவனங்களே மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டன. அந்தப் பத்தும் 30 சதவீதம் ஏறி, மீதி 490-உம் அசையாமல் கிடந்தாலும் குறியீடு 10 சதவீதத்துக்கு மேல் ஏறியதாகக் காட்டும். டவ் ஜோன்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கக் குறியீட்டில் இன்னும் விசித்திரம். அங்கே 30 நிறுவனங்களுக்கும் ஒரு பங்கின் விலைதான் எடை. 500 டாலர் பங்கு ஒரு சதவீதம் அசைந்தால், 50 டாலர் பங்கு அதே அளவு அசைவதைப் போலப் பத்து மடங்கு புள்ளிகள் நகரும், எந்த நிறுவனம் பெரியது என்ற பேச்சே இல்லாமல். ஆகவே “இத்தனை புள்ளி ஏற்றம்” என்ற தலைப்புச் செய்தியை விட்டுவிடு. சதவீதத்தை மட்டும் பார்.

ஆட்சிக்குச் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2017 டிசம்பரில் கையெழுத்தான சட்டத்தால் அமெரிக்காவில் நிறுவன வரி 35 சதவீதத்திலிருந்து 21 ஆனது. முழு விகிதத்தில் வரி கட்டும் நிறுவனம் ஒன்றுக்கு 100 டாலர் லாபம் என்றால், முன்பு 65 மிஞ்சியது, பிறகு 79. ஒரு பொருள்கூடக் கூடுதலாக விற்காமல் நிகர லாபம் 21.5 சதவீதம் கூடிவிட்டது. பங்கு விலை ஏறாமல் என்ன செய்யும்? 2025 ஏப்ரல் 2 அன்று இறக்குமதி வரிகளை அறிவித்ததும் எஸ் அண்ட் பி இரண்டே நாளில் 10 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. 9-ஆம் தேதி பெரும்பாலானவற்றை 90 நாள் நிறுத்திவைத்ததும் ஒரே நாளில் 9.5 சதவீதம் ஏறியது. இவை ஆட்சியாளரின் முடிவுகளே. ஆனால் சந்தை அவற்றில் பார்ப்பது நிறுவன லாபத்தை மட்டும்தான்.

ஆட்சியின் மீதுள்ள நம்பிக்கையை அளக்க வேண்டுமென்றால், என்னைக் கேட்டால், அரசுக் கடன் பத்திரத்தையும் நாணய மதிப்பையும் பார். 2022 செப்டம்பர் 23 அன்று பிரிட்டன் அரசு, பணத்துக்கு வழி சொல்லாமல் பெரிய வரிக் குறைப்பை அறிவித்தது. முதலீட்டாளர்கள் அரசுப் பத்திரங்களை விற்றுத் தள்ளினார்கள். பத்திர விலை விழ, அதில் கிடைக்கும் வட்டி ஏறியது. 30 ஆண்டுப் பத்திரத்தின் வட்டி 5 சதவீதத்தைத் தாண்ட, 28-ஆம் தேதி அந்நாட்டு மத்திய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்தே இறங்கி வாங்க வேண்டியதாயிற்று. வங்கிகள் வீட்டுக் கடன் திட்டங்களைத் திரும்பப் பெற்றன. அக்டோபர் 20 அன்று பிரதமர் லிஸ் டிரஸ் பதவி விலகுவதாக அறிவித்தார். லண்டனின் பங்குக் குறியீடான எஃப்டிஎஸ்இ 100-இல் இந்த அளவு நடுக்கம் தெரியவில்லை. அதிலுள்ள நிறுவனங்களின் வருவாயில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. பவுண்டு சரிந்தால் அந்த வருவாய் பவுண்டு கணக்கில் கூடுகிறது. அதே சரிவால் இறக்குமதிப் பொருளின் விலை ஏறுவதைச் சுமப்பவை குடும்பங்கள்தான்.

பங்கு யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். அமெரிக்கக் குடும்பங்களில் ஓய்வூதியக் கணக்குகளையும் சேர்த்தால் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் பங்கு உண்டு. ஆனால் குடும்பங்கள் வைத்திருக்கும் பங்குகளின் மதிப்பில் பத்தில் ஒன்பது பங்கு, மேல்தட்டுப் பத்து சதவீதத்தினரிடம் இருக்கிறது. மீதிப் பேருக்கு ஏற்றம் வெறும் செய்திதான்.

இனி ஒரு தலைவரின் பெயரில் யாராவது வரைபடம் காட்டினால், தொடக்க நாளை முதலில் கேள். 2009 ஜனவரி 20 அன்று ஒபாமா பதவியேற்றார். சந்தை அடிமட்டத்தைத் தொட்டது மார்ச் 9-இல். எந்த நாளிலிருந்து எண்ணுகிறோம் என்பதில் பல சதவீதம் மாறிவிடும். பிறகு விலைவாசியைக் கழி. நான்கு ஆண்டில் குறியீடு 40 சதவீதமும் விலைவாசி 20 சதவீதமும் ஏறியிருந்தால், நாற்பதில் இருபதைக் கழிக்காதே; 1.40-ஐ 1.20-ஆல் வகு. 1.167 வரும். ஆண்டுக்கு 3.9 சதவீதம்தான். இரண்டு நாட்டுக் குறியீடுகளை ஒப்பிடும்போது ஈவுத்தொகை, அதாவது லாபத்தில் நிறுவனம் பங்குதாரருக்குத் தரும் பணம், சேர்ந்திருக்கிறதா என்றும் பார். ஜெர்மனியின் டாக்ஸ் குறியீட்டில் வழக்கமாகச் சொல்லும் எண்ணிலேயே அது சேர்ந்திருக்கும், எஸ் அண்ட் பி-யில் சேராது. பலர் சறுக்குவது இங்கேதான். கடைசியாக, அதே காலத்தில் மற்ற நாட்டுச் சந்தைகளும் அதே அளவு ஏறியிருந்தால், அந்த ஏற்றத்தை ஒரு தலைவரின் கணக்கில் எழுதாதே.

குடும்ப நிலைக்கு வேறு எண்கள் வேண்டும். சராசரிக் கூலி வேண்டாம், சில பெரிய சம்பளங்கள் அதைத் தூக்கிவிடும். வரிசையில் நடுவில் நிற்பவரின் கூலியை எடுத்து விலைவாசியால் வகு. வேலை தேடுவதையே விட்டுவிட்டவர்கள் வேலையின்மைக் கணக்கில் வருவதில்லை, ஆகவே வேலையில் இருப்போரின் விகிதத்தையும் பக்கத்தில் வை. வருமானத்தில் எவ்வளவு கடன் தவணைக்குப் போகிறது என்றும் பார்.

நீ சொன்ன அந்த நான்கு ஆண்டுக்கு இந்த மூன்று எண்களையும் குறியீட்டோடு ஒரே தாளில் எழுதி அனுப்பு. வகுத்த கணக்கையும் சேர்த்து அனுப்பினால் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்