கணினிப் பணியாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மாதக் கூட்டம் எதுவும் தவறவில்லை. இடம் தந்து உதவிய கிளை நூலகத்துக்கு நன்றி.

இந்த ஆண்டு சங்கம் உயிர்ப்போடு இயங்கியதற்குக் காரணம், நம் உறுப்பினர்கள் அலுவலகத்துக்கு வெளியே பழகிய பழக்கங்கள். புதியவரை முதலில் பேசவைக்கும் முறை நூலக வாசகர் வட்டத்திலிருந்து வந்தது. அங்கே புதிதாகச் சேர்ந்தவர் பேசி முடித்த பிறகே மூத்த வாசகர்கள் வாய் திறப்பார்கள். பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுத்தரும் நம் வகுப்பிலும் அப்படிச் செய்ததும், கேள்வி கேட்கவே கூசியவர்கள் தாங்கள் எழுதிய நிரலைத் திரையில் காட்டத் தொடங்கினார்கள். ரத்ததானக் குழுவில் இருப்பவர்களோ, பொது அறிவிப்போடு நிறுத்திக்கொள்ளாமல் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைக்க நம்மைப் பழக்கினார்கள். அப்படி அழைத்தபோதுதான் உறுப்பினர் ஒருவர் வேலை இழந்திருப்பது தெரிந்தது. அவர் கேட்காமலே, தங்கள் நிறுவனங்களில் அவருக்காகப் பேச இருவர் முன்வந்தார்கள்.

இந்த இடத்தில், தாங்களே கணினி செய்து பார்த்த ஆர்வலர்களின் சங்கமான ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்பை நினைவுகூர விரும்புகிறேன். 1975 மார்ச் 5 அன்று கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கார்டன் ஃபிரெஞ்ச் வீட்டுக் கார் ஷெட்டில் அது முதன்முதலாகக் கூடியது. அவரோடு சேர்ந்து அதைத் தொடங்கிய ஃபிரெட் மூர், போர் எதிர்ப்பு இயக்கத்தில் ஊறியவர். பின்னர் கூட்டங்களை நெறிப்படுத்திய லீ ஃபெல்சென்ஸ்டைன், 1964இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் பேச்சுரிமை இயக்கத்தில் பங்கெடுத்தவர். தன்னிடம் இருப்பதையும் தனக்கு வேண்டியதையும் எழுந்து சொல்லலாம். பிறகு எல்லோரும் கலந்து நின்று, தேவையானவரைத் தேடிப் பேசலாம். இதுவே அவர்கள் கூட்டம் நடத்திய விதம். ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக் தம் ஆப்பிள் 1 கணினியின் சுற்று வரைபடத்தை அங்கே இலவசமாகவே கொடுத்தார். இயக்கங்களில் பகிர்ந்து பழகியவர்கள் முன்னின்றிராவிட்டால் அந்தக் கிளப் வெறும் உதிரிபாகச் சந்தையாகியிருக்கும் என்றே கருதுகிறேன்.

செயற்குழுவின் சார்பில் ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறேன். நம் உறுப்பினர் படிவம் நிறுவனத்தையும் பதவியையும் மட்டுமே கேட்கிறது. அவற்றுக்கு மேலே, "வேறு எந்தக் குழுவில் இருக்கிறீர்கள்?" என்ற கேள்வியையும் சேர்க்க ஒப்புதல் தாருங்கள். கபடிக் குழுவோ பஜனைக் குழுவோ நடத்துகிறவர்களுக்கு ஆட்களைச் சேர்க்கவும் தெரியும், மனத்தாங்கலைத் தீர்க்கவும் தெரியும். வரும் ஆண்டின் மாதக் கூட்டங்களை அவர்களிடமே முறைவைத்து ஒப்படைக்க விரும்புகிறோம். பொறுப்பேற்க முன்வருவோர் இன்றே பெயர் தரலாம்.

இவண்,
செயலாளர்