புதிதாக வருபவருக்காக எங்கள் ஆலய இணையதளத்தைத் திருத்தித் தந்தவர்களுக்கு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு,

வேலூரில் உள்ள எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையின் இணையதளம் முழுவதும் புதிதாக எழுதப்பட்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு தொடங்கிப் பயன்பாட்டில் இருக்கிறது. அதற்காக ஏழு மாதம் உழைத்தவர்கள் தங்கள் பெயரை வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே பெயர் சொல்லாமல், ஆனால் அவரவர் செய்தது இன்னது என்று எல்லோரும் அறியும்படி, ஆலயக் குழுவின் சார்பில் இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் சபையைச் சேராத ஒரு சகோதரிக்கு உரியது. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணி சி.எம்.சி. மருத்துவமனையாக வளர்ந்து நிற்பதால், மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வரும் குடும்பங்கள் வாரக்கணக்கில் அறை எடுத்து இந்த ஊரில் தங்கியிருப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். தகப்பனாரின் சிகிச்சைக்காக ஜார்க்கண்டிலிருந்து வந்திருந்த இந்தச் சகோதரி, ஒரு சனிக்கிழமை இரவு கைப்பேசியில் எங்கள் பழைய தளத்தைப் பார்த்து, ஆங்கில ஆராதனை காலை ஏழரை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, மறுநாள் தகப்பனாரைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருக்கிறார். அந்த நேரம் மாறி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. உள்ளே தமிழ் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. முன்வாசலில் ஆறு படிகள். தெற்குப் பக்கம் சாய்தளம் இருப்பதை எடுத்துச் சொல்ல, ஆராதனை தொடங்கிவிட்ட அந்த வேளையில், வாசலில் ஒருவரும் இல்லை. கால் மணி நேரம் வேப்பமர நிழலில் நின்றுவிட்டு அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். அவர் எழுதிய மின்னஞ்சலில் ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. சரியான நேரத்தையும் சக்கர நாற்காலி போகும் வழியையும் மட்டுமாவது போட்டுவிடுங்கள், எங்களைப் போல் இன்னும் பலர் வருவார்கள் என்று கேட்டிருந்தார். அம்மா, உங்கள் கடிதம் ஆலயக் குழுவில் வாசிக்கப்பட்ட அன்றே இந்த வேலை தொடங்கியது. அந்த ஞாயிறு காலைக்காக எங்களை மன்னிக்க வேண்டும்.

பழைய தளத்தைப் பல ஆண்டுகளுக்கு முன் காசு வாங்காமல் செய்து தந்த அண்ணனுக்கும் இந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிடுகிறேன். அவர் தந்த தளத்தில் குறை இல்லை. முகப்பில் முன்னாள் ஆயர்களின் படவரிசை, கட்டட நிதி விவரம், விழா மலர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஆராதனை நேரத்தைக் கீழே கீழே தள்ளியது குழுவில் இருந்த நாங்கள்தான்.

புதிய தளத்துக்கு உயிர் கொடுத்தவர் எங்கள் ஆலயப் பணியாளர் ஐயா. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆலயத்தைத் திறந்து மூடுகிறவர் அவர். முகப்பில் சபையின் வரலாறு வர வேண்டுமா, தரிசன வாக்கியம் வர வேண்டுமா என்று நாங்கள் வாதிட்டுக்கொண்டிருந்தபோது, புதிதாக வருகிறவர்கள் தம்மிடம் கேட்பவற்றை அவர் விரல் மடக்கிச் சொன்னார்: செருப்பை எங்கே விடுவது? ஆணும் பெண்ணும் தனித்தனியாக உட்கார வேண்டுமா? தலையில் முக்காடு போட வேண்டுமா? எத்தனை மணிக்கு முடியும், மருந்து வேளைக்கு அறைக்குத் திரும்ப முடியுமா? குழந்தை அழுதால் எங்கே தூக்கிக்கொண்டு போவது? கிறிஸ்தவர் அல்லாதவர் உள்ளே வந்து சற்று நேரம் உட்காரலாமா? காணிக்கைப் பை வந்தால் போட்டே ஆக வேண்டுமா? அவர் சொன்ன வரிசையிலேயே ‘முதல் முறை வருகிறீர்களா?’ என்ற பக்கம் எழுதப்பட்டது. முகப்பைத் திறந்தவுடன், நேரத்துக்கு அடுத்தபடியாக, இப்போது அதுதான் நிற்கிறது. காணிக்கையைப் பற்றிய பதிலை ஐயா சொன்னபடியே வைத்திருக்கிறோம்: ‘அது சபையார் பொறுப்பு. நீங்கள் விருந்தாளி, பையை அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம்.’ நான் எழுதியிருந்தால் இதையே நான்கு வரி சுற்றி வளைத்திருப்பேன்.

எங்கள் ஆயர் ஐயா இரண்டு சிறு பத்திகளை எழுதித் தந்தார். வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு சி.எஸ்.ஐ. என்ற மூன்றெழுத்து ஒன்றும் சொல்வதில்லை. ஆகவே ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுச் சபைகள் கூடி 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானதையும், 1970-இல் உருவான வட இந்தியத் திருச்சபை இதன் உடன்பிறப்பு போன்றது என்பதையும், இறையியல் சொற்கள் இல்லாமல் முதல் பத்தியில் விளக்கினார். இரண்டாவது பத்தி திருவிருந்தை, அதாவது நற்கருணையைப் பற்றியது. யார் பங்குபெறலாம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும், அதே வேளையில் பங்குபெறாதவர் தம்மைத் தள்ளிவைத்ததாக எண்ணிவிடக் கூடாது; இதற்காக அந்த ஐந்து வரிகளை அவர் நான்கு முறை திருத்தினார். முன்னே வந்து தலைகுனிந்து நின்றால் ஆசீர்வாத ஜெபம் செய்யப்படும், இருக்கையிலேயே இருந்தாலும் தவறில்லை என்று அது முடிகிறது.

வாலிபர் ஐக்கியத்துத் தம்பிகள் இருவரின் உழைப்பு வெளியே தெரியாதது. ஆராதனை முறைமையும் அறிவிப்புகளும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்ததால், கைப்பேசியில் தமிழுக்குப் பதிலாகப் புரியாத குறிகளே தெரிந்தன. தேவையான யாவற்றையும் அவர்கள் தேர்வு விடுமுறையில் யூனிகோடில் மாற்றினார்கள். பண்டிகைச் சுவரொட்டிப் படத்துக்குள் மட்டும் இருந்த நேரமும் இடமும் எழுத்தாகவே பக்கத்தில் வந்தன. விடுதி அறையில் சிக்னல் குறைவாக இருந்தாலும் திறக்கும்படி பெரிய படங்களைச் சுருக்கினார்கள்.

புதிய தளத்தைச் சோதித்தவர் பார்வையற்ற ஆசிரியை ஒருவர். திரையில் உள்ளதைக் குரலாக வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானைக் கணினியிலும், அதே வேலையைச் செய்யும் டாக்பேக்கைக் கைப்பேசியிலும் இயக்கி, எங்கள் முன்னால் உட்கார்ந்து, பக்கம் பக்கமாகக் கேட்டார். ஓரிடத்தில் அந்தக் குரல் ‘இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும்’ என்று தொடர்ந்து ஐந்து முறை சொன்னது. எது எங்கே போகும் என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும் என்று அக்கா அமைதியாகக் கேட்டார். அன்று மாலையே அவை ‘ஆலயத்துக்கு வரும் வழி’, ‘ஆராதனை நேரங்கள்’ என்று மாறின. வெளிர்நீலப் பின்னணியில் இருந்த வெள்ளை எழுத்து முதியவர்களுக்குத் தெரியாது என்று அவருடைய தாயார் சொன்னார், அதையும் மாற்றினோம்.

இந்திப் பக்கத்தையும் வங்காளிப் பக்கத்தையும் பார்த்துத் தந்தவர் ஓய்வுபெற்ற செவிலியர் அம்மா. கணினி மொழிபெயர்ப்பு போதும் என்றுதான் முதலில் எண்ணினோம். ‘ஆலயம்’ என்ற நம் சொல் இந்தியில் இந்துக் கோயிலைக் குறிக்கும் ‘மந்திர்’ ஆகிவிட்டதை அவர்தான் கண்டுபிடித்து, கிறிஸ்தவ ஆலயத்தைக் குறிக்கும் ‘கிர்ஜாகர்’ என்று திருத்தினார். நாற்பது ஆண்டுகள் நோயாளிகளோடு அவரவர் மொழியில் பேசியவருடைய காது அது.

ஆட்டோ நிறுத்தத்து அண்ணன்மார் இல்லாமல் வழிப் பக்கம் எழுதியிருக்க முடியாது. கூகுள் வரைபடத்தில் எங்கள் ஆலயத்தின் புள்ளி, எப்போதும் பூட்டியிருக்கும் பின்பக்கச் சந்தில் இருந்தது என்பதை அவர்கள் சொல்லித்தான் அறிந்தோம். காட்பாடி சந்திப்பில் இறங்குகிறவர் பாலாற்றுப் பாலம் தாண்டி எங்கே திரும்ப வேண்டும், காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இடையே ஓடும் நகரப் பேருந்தில் வந்தால் எங்கே இறங்க வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் சொன்னபடி எழுதியது.

சபையாருக்கும் ஒரு நன்றி கடன்பட்டிருக்கிறேன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் படங்களையும், பிறந்தநாளோடும் தொலைபேசி எண்ணோடும் இருந்த குடும்பப் பட்டியலையும் பொதுத் தளத்திலிருந்து எடுத்தபோது சிலருக்கு மனம் வருந்தியது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-இல் சட்டமே வந்திருப்பதை வழக்கறிஞரான உறுப்பினர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். அதன்பின் நீங்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்தீர்கள்.

இனிமேல் வேலை பெண்கள் ஐக்கியத்துச் சகோதரிகள் இருவருடையது. உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலத்திலும், பெரிய வெள்ளியன்று பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை நடக்கும் ஆராதனைக்கும், உயிர்த்தெழுதல் அதிகாலைக்கும், டிசம்பர் 31 இரவுக்கும் நேரம் மாறுகிறது. புதியவர்கள் அதிகம் வருவதும் அந்த நாட்களில்தான். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவர்கள் நேரத்தைச் சரிபார்த்து, பக்கத்தின் அடியில் அன்றைய தேதியைப் போடுகிறார்கள். தளத்தில் உள்ள எண்ணை அழைத்தால் எடுப்பதும் இவர்களே.

இந்த மடலை ஆங்கிலத்திலும் எழுதி ஜார்க்கண்ட் சகோதரிக்கு அனுப்பியிருக்கிறோம். தகப்பனாருக்கு அடுத்த பரிசோதனை ஜூன் மாதம் என்று முன்பு தெரிவித்திருந்தார். ஆங்கில ஆராதனை இப்போது ஒன்பதே முக்கால் மணிக்கு. தெற்கு வாசல் ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கே திறக்கப்பட்டு, ஆராதனை முடியும்வரை அங்கே ஒருவர் நிற்கிறார்.

கர்த்தருடைய பணியில்,
செயலர், ஆலயக் குழு
வேலூர்