தீபாவுக்கு: எந்த கேமரா வாங்கலாம்?

அன்புள்ள தீபா,

நாங்கள் நலம். அப்பா காலையில் நடக்கப் போகிறார், வந்து காபி குடித்த பிறகு முட்டி வலிக்கிறது என்கிறார். கேமரா விஷயத்தைப் போனில் பேச ஆரம்பித்தாலே குட்டி வந்து திரையை அமுக்கி விடுகிறாள். அதனால் எழுதிவிடுகிறேன், நேரம் கிடைக்கும்போது படித்துக்கொள்.

நீ கேட்டது இதுதானே? சோனியின் ஆர்எக்ஸ்100 மார்க் 7, சட்டைப்பையில் போடுகிற சின்ன கேமரா. அதை வாங்கவா, இல்லை ஏ7சி மார்க் 2 என்ற, லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ்ஸை வாங்கவா? மாப்பிள்ளை சின்னது போதும் என்கிறார். உனக்குப் பெரியதில் ஆசை, ஆனால் வாங்கி அலமாரியில் தூங்கிவிடுமோ என்று பயம். நான் வருஷக்கணக்காக ஆர்எக்ஸ்100 மார்க் 3-ஐயே தூக்கிக்கொண்டு அலைவதால் அத்தை நம் பக்கம்தான் என்று மாப்பிள்ளை நினைத்திருப்பார். இல்லை மக்ளே, நீ பெரியதையே வாங்கு. ஆனால் நீ அனுப்பிய கடை விளம்பரத்தில் கூடவே சேர்த்துத் தருகிறார்களே ஒரு ஜூம் லென்ஸ், அதோடு வேண்டாம்.

சும்மா சொல்லவில்லை. மாமா பையன் கல்யாண போட்டோ எடுக்கிறானே, அவனிடம் ஏ7சி மார்க் 2 இருக்கிறது. மார்கழியில் முகூர்த்தம் ஏது? கேட்டவுடன் 35 மி.மீ. லென்ஸையும் மாட்டிக் கொடுத்துவிட்டான். "அத்தை, கீழே மட்டும் போட்டுடாதீங்க" என்றான், அவ்வளவுதான். என் சின்னதையும் அதையும் ஒன்றாகக் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

முதலில் உன் வீட்டுக் கதைக்கு வருகிறேன். டொரண்டோவில் இப்போது ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. குட்டி இருப்பது முழுக்க விளக்கு வெளிச்சத்தில், அதுவும் ஒரு நிமிஷம் நிற்காமல். ஓடுகிற குழந்தை கலங்காமல் விழ வேண்டுமென்றால் ஷட்டர், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடுகிற கதவு, திறந்திருப்பது ஒரு நொடியில் 250-இல் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. அந்தச் சொற்ப நேரத்துக்குள் எவ்வளவு வெளிச்சம் உள்ளே போகிறது என்பதுதான் மொத்த விஷயமும். சின்ன கேமராவில் வெளிச்சத்தை வாங்குகிற சென்சார் 13.2-க்கு 8.8 மி.மீ. பெரியதில் 36-க்கு 24. பெருக்கிப் பார், பரப்பு ஏழு மடங்குக்கும் மேல். அதற்கு மேல் லென்ஸ் இருக்கிறது, எஃப் எண் சின்னதாக இருந்தால் வெளிச்சம் அதிகம். மார்க் 7-இன் லென்ஸ் அகலமான முனையில், அதாவது ஜூம் செய்யாதபோது, எஃப் 2.8, ஜூம் செய்யச் செய்யச் சுருங்கி 4.5 வரை போய்விடும். 35 மி.மீ. லென்ஸ் எஃப் 1.8. இந்த 1.8-க்கும் 2.8-க்கும் நடுவே மட்டும் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு வெளிச்சம். சென்சாரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 18 மடங்கு வரை வருகிறது. இதைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை.

குட்டியின் பிறந்தநாள் படத்தை அனுப்பியிருந்தாயே, மெழுகுவர்த்தியை ஊதுகிற படம். கேக் அழகாக இருக்கிறது, சுவர் அழகாக இருக்கிறது, பிள்ளையின் முகம் மட்டும் மெழுகு பொம்மை மாதிரி வழவழவென்று இருக்கிறது. கன்னத்தில் இருக்கிற அந்தச் சின்ன மச்சத்தையே காணோம். உன் போன் மோசமில்லை. போன் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாக்கி, வெளிச்சம் குறைந்தால் வருகிற புள்ளிகளைத் துடைத்துத் தருகிறது. அசையாத பொருளுக்கு அது நன்றாக வரும். அசைகிற முகத்தில் புள்ளியைத் துடைக்கும்போது மச்சமும் சேர்ந்து போய்விடுகிறது. மார்க் 7 வாங்கினால் இதைவிடக் கொஞ்சம் நன்றாக வரும், கொஞ்சம்தான். ஒரு கொஞ்சத்துக்காக 1,200 டாலரா? (அது 2019-இல் வந்தபோது அமெரிக்காவில் சொன்ன விலை.)

இந்த இடத்தில்தான் எனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒத்துப்போகவில்லை. "எப்போதும் கூடவே இருக்கும்" என்று அவர் சொல்வது உண்மைதான். ஆனால் எப்போதும் கூடவே இருக்கிற இடத்தில் உன் போன் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. சிபா என்று ஜப்பானியக் கேமரா கம்பெனிகளின் சங்கம் ஒன்று உண்டு, அவர்கள் வருஷா வருஷம் கணக்கு வெளியிடுவார்கள். 2010-இல் சுமார் 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் போயிருக்கின்றன, அதில் பெரும்பாலானவை சின்னவை. 2020-இல் எல்லாம் சேர்த்து 90 லட்சத்தைக்கூட எட்டவில்லை. அத்தனை கோடிப் பேரும் படம் எடுப்பதையா விட்டுவிட்டார்கள்? போன் வந்து அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. இப்போது சின்னப் பிள்ளைகள் மறுபடி குட்டி கேமராக்களைத் தேடித் தேடி வாங்குகிறார்கள் என்று படித்தேன். அது ஆசைக்கு வாங்குவது. நீ வாங்குவது பிள்ளையைப் படமெடுக்க.

அப்புறம் ஃபோகஸ். என் மார்க் 3 ஓடுகிற எதையும் பிடிக்காது, முன்னும் பின்னும் தடவிக்கொண்டே இருக்கும். மார்க் 7-இல் அந்தக் குறை இல்லை, கண்ணைக் கண்டுபிடித்துப் பின்தொடரும், நியாயமாகச் சொல்ல வேண்டும். ஏ7சி மார்க் 2-இல் இதற்கென்றே தனியாக ஒரு செயற்கை நுண்ணறிவுச் சிப் வைத்திருக்கிறார்கள். கீழ்வீட்டுப் பையன் சைக்கிளில் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான், சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு. நான் பொத்தானை அமுக்கிக்கொண்டு நின்றதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. தலையைத் திருப்பினால் விட்டுவிட்டு, திரும்பினவுடன் அந்தச் சின்னக் கட்டம் போய்க் கண்மேல் உட்கார்ந்தது. இந்த வயதில் எனக்கே இப்படி வருகிறதென்றால் உனக்கென்ன.

சரி, அப்படியென்றால் அம்மா ஏன் சின்னதை விடவில்லை என்று கேட்பாய். என் வேலை வேறு. கீரிப்பாறைப் பக்கம் ஈரமண்ணில் அழுகண்ணி என்ற பூச்சி பிடிக்கிற செடி வந்திருந்தது. காலேஜில் டிரோசெரா பர்மானை என்று நான் பாடம் நடத்திய அதே செடிதான். பழைய ஒரு ரூபாய் நாணயம் அகலம்கூட இருக்காது. தரையோடு ஒட்டி ரோஜாப்பூ அடுக்காக, ஸ்பூன் மாதிரி இலைகள். ஒவ்வொரு இலையிலும் சிவப்பு மயிர்கள், ஒவ்வொரு மயிரின் நுனியிலும் பசைச் சொட்டு ஒன்று. ஓர் எறும்பு மாட்டிக்கொண்டு ஒரு காலை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. அதை எடுக்க வேண்டுமானால் முன் இலையும் பின் இலையும் எறும்பும் எல்லாமே தெளிவாக விழ வேண்டும். பின்னணி கரைந்துபோவது கல்யாணப் படத்துக்கு அழகு, செடியை அடையாளம் சொல்ல வேண்டியவளுக்கு அது உபத்திரவம்.

சின்ன சென்சாரில் இந்தத் தெளிவு தானாகவே கிடைக்கிறது. என் கேமராவில் எஃப் 5.6 வைத்தால் எவ்வளவு ஆழம் தெளிவாக வருமோ, அவ்வளவு ஆழம் பெரியதில் வர எஃப் 15 வரை சுருக்க வேண்டும். அவ்வளவு சுருக்கினால் வெளிச்சம் ஏழில் ஒரு பங்காகிவிடும், அதை ஈடுகட்ட ஐ.எஸ்.ஓ.-வை, அதாவது படத்தைப் பிரகாசமாக்குகிற அளவை, ஏழு மடங்கு ஏற்ற வேண்டும். ஏற்றினால் புள்ளி வரும். ஆகக்கூடி பெரிய சென்சார் கொடுத்த லாபம் அங்கேயே கழிந்துவிடுகிறது. என்னுடையது அகலமான முனையில் செடிக்கு 5 செ.மீ. வரை கிட்டப் போகும். பையன் கொடுத்த 35 மி.மீ. 22 செ.மீ.-க்குள் போகாது. ஒழுங்காகச் செய்ய கிட்டத்தில் எடுப்பதற்கென்றே உள்ள 90 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வேண்டும், அது மட்டும் 602 கிராம். அதையும் கேமராவையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு இந்த முட்டியோடு மண்ணில் குப்புறப் படுத்து எழுந்திருக்க என்னால் ஆகாது. என் 290 கிராமைத் தரையில் வைத்து, திரையை மேலே மடக்கி, குந்தி உட்கார்ந்தே எடுத்துவிட்டேன்.

தோவாளைப் பூச்சந்தைக்கும் இரண்டையும் கொண்டுபோனேன். விடிவதற்கு முன்னால், குண்டு பல்புகளுக்குக் கீழே பிச்சிப்பூ குவியல் குவியலாகக் கிடக்கும்போது, பெரியதுதான் ராஜா. தராசுத் தட்டில் பூவைக் கொட்டுகிற கை, காற்றில் நிற்கிற இதழ் உட்பட அப்படியே வந்திருக்கிறது. வெயில் ஏறினதும் கதை மாறிவிட்டது. தலையில் கூடை வைத்துக்கொண்டு வந்த ஒரு பெண்ணின் முகம் முழுக்கக் கூடையின் நிழல். என் சின்னதில் ஃபிளாஷ் உள்ளேயே இருக்கிறது, ஷட்டரும் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் நொடியில் 2000-இல் ஒரு பங்கிலும் ஃபிளாஷோடு சேர்ந்து வேலை செய்யும். நிழல் போய் முகம் தெளிந்துவிட்டது. ஏ7சி மார்க் 2-இல் ஃபிளாஷே கிடையாது. தனியாக வாங்கி மாட்டினாலும் நொடியில் 160-இல் ஒரு பங்கைவிட வேகமாக எடுக்க வேண்டுமென்றால் அதற்கென்று வசதியுள்ள விலை கூடிய ஃபிளாஷாக இருக்க வேண்டும். இன்னொன்று, பெரியதை நீட்டினவுடன் வியாபாரிகள் "எந்த டிவிம்மா?" என்றார்கள். சின்னதை நீட்டினால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. உனக்கு இந்தத் தொல்லை இல்லை, குட்டி எந்த டிவி என்று கேட்க மாட்டாள்.

இப்போது லென்ஸுக்கு வருகிறேன், இதை மட்டும் மாப்பிள்ளையிடமும் படித்துக் காட்டு. கடைக்காரன் சேர்த்துத் தருவது 28-60 ஜூம். 167 கிராம்தான், பார்க்கச் செல்லமாக இருக்கும். ஆனால் அது எஃப் 4-இல் தொடங்கி 5.6-க்குப் போகிறது. எஃப் 4 என்றால் எஃப் 1.8-இல் வருகிற வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மேலே சொன்னேனே 18 மடங்கு, அது மூன்றரையாக இறங்கிவிடும். என் பழைய மார்க் 3-இன் அகலமான முனை எஃப் 1.8, அதோடு ஒப்பிட்டால் ஒன்றரை மடங்குதான் மிச்சம். அவ்வளவு பணம் கொட்டி அம்மாவின் பழைய கேமராவைவிட ஒன்றரை மடங்கா? பெரிய கேமரா வாங்கினேன், ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் இந்த லென்ஸோடு நின்றுவிட்டவர்கள் என்பது என் எண்ணம்.

எடையைப் பற்றிச் சொன்னாய். ஏ7சி மார்க் 2-இன் உடம்பு, லென்ஸ் இல்லாமல், 514 கிராம், 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 280, ஆக 794. மார்க் 7 302 கிராம். இரண்டரை மடங்குக்கும் மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் நீ மலை ஏறப் போவதில்லை. அதை அலமாரியில் வைக்காதே, பையிலும் வைக்காதே. சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் குட்டிக்கு எட்டாத உயரத்தில், லென்ஸ் மாட்டினபடியே இருக்கட்டும். எடுக்க எழுந்து போக வேண்டியிருந்தால் நீ எடுக்க மாட்டாய், எனக்கு உன்னைத் தெரியும்.

பனியில் வெளியே கொண்டுபோனால் பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஒன்றை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள். திரும்பி வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடிவிடு. உள்ளே வந்து அது அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திற, இல்லாவிட்டால் லென்ஸெல்லாம் வியர்த்துவிடும். இங்கே எங்களுக்கு வேறு பிரச்சினை, இரண்டு மழையும் அடிக்கிற ஊரில் லென்ஸுக்குள் பூஞ்சை வளரும். செடி, பூஞ்சை எல்லாவற்றையும் வாழ்நாள் முழுக்கப் பாடம் நடத்தியவள் வீட்டுக்குள்ளேயே அது வந்தால் எப்படி இருக்கும்? சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் பூட்டி வைத்திருக்கிறேன். பெரியதில் லென்ஸ் கெட்டால் லென்ஸை மட்டும் மாற்றலாம், சின்னதில் கழற்றவே முடியாது. இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

பணம்தான் இடிக்கிறது, தெரியும். வந்தபோது கேமரா உடம்பு 2,200, லென்ஸ் 750, இரண்டும் அமெரிக்க டாலர். உங்கள் ஊரில் அதற்குமேல் 13 சதவீத வரி வேறு. எனவே, பெரியதுதான் என்றாலும் ஏ7சி மார்க் 2 வேண்டாம். 2020-இல் வந்த பழைய ஏ7சி பயன்படுத்தியது கிடைக்குமே, அதைப் பார். 24 மெகாபிக்சல், எடை 509 கிராம், சென்சாரின் அளவு அதேதான். தனிச் சிப் இல்லை, ஆனால் கண்ணைப் பிடிப்பதில் அதுவும் குறைந்ததில்லை. மிச்சமாகிற பணத்தில் 35 மி.மீ. எஃப் 1.8 வாங்கிவிடு. வாங்கும்போது லென்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து உள்ளே வலை மாதிரி ஏதாவது தெரிகிறதா என்று பார், தெரிந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதே.

எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பாதே, அது நசுக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பு. குட்டியின் மச்சத்தை நான் பார்க்க வேண்டும். மாப்பிள்ளைக்கு இதில் வருத்தம் இருந்தால் அடுத்த முறை வரும்போது என் மார்க் 3-ஐ அவரே எடுத்துக்கொண்டு போகட்டும், ஆனால் அழுகண்ணி சீசன் முடிந்த பிறகு.

அன்புடன்,
அம்மா