"படம்: இணையம்" என்று போடுபவர்களுக்கு ஒரு மடல்

கொழும்பிலிருந்து வெளிவரும் தமிழ் நாளிதழ்களின் வெளிநாட்டுச் செய்திப் பக்க ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் பக்கத்தில் வருகிற போர்ப் படம் ஒவ்வொன்றின் கீழும் எடுத்தவர் பெயர், எடுத்த இடம், எடுத்த தேதி மூன்றையும் அச்சிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். இப்போது அந்த இடத்தில் "படம்: இணையம்" என்று இருக்கிறது. பல நாள் அதுவும் இருப்பதில்லை.

நான் ஹட்டனில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், சடங்கு, தேர்த் திருவிழா எல்லாம் எடுப்பேன் என்றாலும் அன்றாடம் ஆள் வருவது பாஸ்போர்ட் படத்துக்குத்தான். மஸ்கெலியா, பொகவந்தலாவை, நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து குவைத்துக்கும் சவூதிக்கும் லெபனானுக்கும் வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் வருவார்கள். 2023 கடைசியில் இஸ்ரேலுக்கு 10,000 விவசாயத் தொழிலாளர்களை அனுப்ப அரசாங்கம் இணங்கிய பிறகு அந்த நாட்டுக்கென்று வந்து உட்காருகிற பையன்களும் உண்டு. இவர்கள் விமானம் ஏறிய பிறகு, வீட்டில் இருப்பவர்கள் பேப்பரை வாங்கினால் முதலில் திருப்புவது உங்கள் பக்கத்தைத்தான். கிரிக்கெட்டெல்லாம் அப்புறம்.

2024 செப்டம்பரில் இஸ்ரேல் லெபனான் மீது பெரிய அளவில் குண்டு போடத் தொடங்கிய வாரம் ஒரு தமிழ் நாளிதழ் அரைப் பக்கத்துக்குப் பெய்ரூட் படம் ஒன்றைப் போட்டது. அக்காவை அங்கே வேலைக்கு அனுப்பியிருந்த ஒரு பெண் அதைக் கையில் சுருட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். அக்காவின் போன் வேலை செய்யவில்லை. படத்தைப் பெரிதாக்கி அது எந்தப் பக்கம் என்று சொல்ல முடியுமா என்று கேட்டாள். பெரிதாக்கத் தேவையே இருக்கவில்லை. துறைமுகமும், பாதி சரிந்த அந்தத் தானியக் களஞ்சியமும் தெளிவாகத் தெரிந்தன. 2020 ஆகஸ்ட் 4இல் துறைமுகத்தில் அமோனியம் நைட்ரேட் வெடித்ததன் படம் அது. குண்டுவீச்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அக்கா இரண்டு நாள் கழித்துப் பேசினாள், சரி. பத்திரிகையில் திருத்தம் ஏதாவது வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

இதை ஒரு பத்திரிகையைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. நடுநிசியில் பக்கத்தை முடிக்கிற அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் படத்தின் கீழ் தேதி போட வேண்டும் என்று ஒரு விதி இருந்திருந்தால், யாராவது ஒருவர் தேதியைத் தேடிப் போயிருப்பார். தேடியவுடன் படம் பக்கத்திலிருந்து போயிருக்கும்.

ரொய்ட்டர்ஸ், ஏ.எஃப்.பி., ஏ.பி. என்ற சர்வதேசச் செய்தி நிறுவனங்களில் எது அனுப்புகிற படமானாலும் இந்த விவரமெல்லாம் அந்தக் கோப்புக்குள்ளேயே எழுதித்தான் வருகிறது. யார், என்ன செய்கிறார், எந்த ஊர், எந்தத் தேதி, எடுத்தவர் யார் என்று முழுக் குறிப்பு. கூகுளில் தேடி ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஒட்டும்போதுதான் அது உதிர்ந்துபோகிறது. 2023 அக்டோபர் 17இல் காஸாவின் கான் யூனிஸ் நகரிலுள்ள நாசர் மருத்துவமனையில் ரொய்ட்டர்ஸின் முகம்மது சலேம் எடுத்த படத்தை நினைத்துப் பாருங்கள். வெள்ளைத் துணியில் சுற்றிய சின்ன உடலை முகம் தெரியாமல் அணைத்துக்கொண்டு ஒரு பெண் குந்தியிருப்பார். 2024இல் உலகப் பத்திரிகைப் படப் போட்டியில் ஆண்டின் சிறந்த படமானது அதுதான். பார்த்தவுடன் "பிள்ளையைப் பறிகொடுத்த தாய்" என்று எழுதிவிடத் தோன்றும். அவர் தாய் இல்லை. இறந்தது உறவுக்காரப் பிள்ளை, ஐந்து வயது. குறிப்பைப் படித்தவருக்கு மட்டும்தான் அது தெரியும்.

எடுத்தவர் பெயர் எதற்கு, வாசகருக்கு அது தேவையா என்று நீங்கள் கேட்கலாம். என் தொழில் என்பதால் பெயருக்கு அலைகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பெயர் இருந்தால்தான் கேள்வி கேட்க ஆள் இருக்கும். 2006 லெபனான் போரில் அத்னான் ஹஜ் என்ற படப்பிடிப்பாளர் பெய்ரூட் வானத்துப் புகையைக் கணினியில் கூட்டிக் காட்டியது பிடிபட்டது. அவர் எடுத்த 920 படங்களையும் ரொய்ட்டர்ஸ் விற்பனையிலிருந்து விலக்கியது. எது எது அவருடையது என்று தெரிந்ததால் அது முடிந்தது. உக்ரைனின் மாரியுபோல் நகர மகப்பேற்று மருத்துவமனையில் நடந்தது இதற்கு நேர் எதிர். 2022 மார்ச் 9இல் அங்கே குண்டு விழுந்தபோது ஏ.பி.யின் யெவ்ஹென் மலோலெட்கா எடுத்த படங்களை நாடகம் என்றும் கர்ப்பிணிகளை நடிகைகள் என்றும் ரஷ்யத் தரப்பு சொன்னது. நின்று பதில் சொல்ல ஆள் இருந்தார், நேரம் இருந்தது, இடம் இருந்தது. பொய் எடுபடவில்லை. "இணையம்" என்று போட்டிருந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

2024 மே மாதம் காஸாவின் ரஃபா நகரைப் பற்றி ஒரு படம் இன்ஸ்டகிராமில் நான்கு கோடிக்கு மேல் பகிரப்பட்டது ஞாபகம் இருக்கும். வரிசை வரிசையாகக் கூடாரம், நடுவில் ஆங்கில எழுத்து. செயற்கை நுண்ணறிவு செய்தது அது, யாரும் எடுக்கவில்லை. அதே போரில் காஸாவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உண்மையான படம் எடுத்தவர்கள் இருந்தார்கள். 2025 ஆகஸ்ட் 25இல் நாசர் மருத்துவமனைத் தாக்குதலில் ஐந்து ஊடகவியலாளர்கள் இறந்தார்கள். ஏ.பி.க்கு வேலை செய்த மரியம் அபு தக்கா அதில் ஒருவர். உங்கள் பக்கத்தில் இரண்டு வகைப் படமும் ஒரே பெயரில்தான் வரும்: இணையம்.

இன்னொன்று. படத்தைத் தந்தது யார் என்பதும் வேண்டும். இதை இந்த நாட்டில் தமிழில் பத்திரிகை நடத்துபவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2009 ஆரம்ப மாதங்களில் வன்னிப் போர்முனைக்குச் சுயாதீனமாக எந்தப் பத்திரிகையாளரும் போக முடியவில்லை. இராணுவம் கூட்டிப்போய்க் காட்டியது ஒரு பக்கம், புலிகள் தரப்பிலிருந்து வந்தது இன்னொரு பக்கம். 2023 அக்டோபருக்குப் பிறகு காஸாவிலும் அதுதான் கதை. வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் இராணுவத்தோடு போய் அது காட்டியதைப் பார்த்துத் திரும்பினார்கள். மற்றதெல்லாம் உள்ளூர்க்காரர்கள் எடுத்தது. எனவே ஒரு இராணுவம் தந்த படம் என்றால் "இன்ன இராணுவம் வெளியிட்டது" என்று போடுங்கள். ஈரான் அரச தொலைக்காட்சியிலிருந்து எடுத்தது என்றால் அப்படிப் போடுங்கள். நம்புவதா வேண்டாமா என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

காசு பிரச்சினை எனக்குத் தெரியாமல் இல்லை. 2022இல் கடதாசி கிடைக்காமல் பத்திரிகைகள் பக்கத்தைக் குறைத்ததை எல்லாரும் பார்த்தோம். சர்வதேச நிறுவனங்களுக்குச் சந்தா கட்டுவது சின்னப் பத்திரிகைக்குப் பெரிய பாரம். அதற்காக எடுத்தவர் பெயரை வெட்டிவிட்டுப் படத்தைச் சும்மா எடுப்பது சரியாகிவிடாது. வாங்க முடியாத நாளில் வரைபடம் போடுங்கள். பெய்ரூட்டின் தெற்குப் புறநகர் எங்கே, துறைமுகம் எங்கே, குண்டு விழுந்தது எங்கே என்று கோடு போட்டுக் காட்டினால் என் கடைக்கு வந்த அந்தப் பெண்ணுக்கு எந்தப் புகைப்படத்தையும் விட அதுதான் உதவியிருக்கும்.

எங்கள் பக்கத்துப் படங்களிலும் இதே குறைதான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலை சரிந்தபோது வளைகுடாவில் இருப்பவர்கள் ராத்திரி முழுக்கப் போனில் படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மண்ணுக்குள் போன லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின்) படத்துக்குக் கீழே "மலையகத்தில் மண்சரிவு" என்று இருந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? மலையகம் என்பது ஒரு ஊரா? தோட்டத்தின் பெயர் வேண்டும். மேற்பிரிவா கீழ்ப்பிரிவா என்று வேண்டும். எனக்குத் தெரிந்த பலர் எனக்குப் போன் போட்டுக் கேட்டார்கள், ஹட்டனில் இருந்துகொண்டு பதுளைப் பக்கத்து லயத்தை நான் எப்படி அடையாளம் சொல்வது?

மழைக்காலம் வந்தால் நானும் என் பக்கத்துப் படங்களை உங்களுக்கு அனுப்புவேன். தோட்டம், பிரிவு, தேதி, நேரம் எல்லாம் தமிழிலேயே எழுதி அனுப்புகிறேன். இடம் பற்றாவிட்டால் என் பெயரை வெட்டுவதற்கு முன்னால் படத்தின் ஓரத்தை வெட்டிக்கொள்ளுங்கள். பிரிவின் பெயரில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரன்