அம்மாவுக்கு, க ரி க ஸ

ஆரோரா, இல்லினாய்
மார்கழி 15

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நால்வரும் நலம். உன் நலமும் அப்பாவின் நலமும் அறிய ஆவல். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலையா? நான் இதை எழுத உட்காரும்போது அங்கே விடிந்திருக்கும். கோலம் போட்டு, நடுவில் பூசணிப்பூ வைத்து, இன்றைய பாசுரத்தையும் பாடி முடித்திருப்பாய். இங்கே சாயங்காலம் ஏழு மணி. வாசலில் கணுக்கால் அளவுக்குப் பனி கிடக்கிறது.

போனில் சொல்ல ஆரம்பித்தால் சின்னவன் பிடுங்கிக்கொள்வான். அதனால் எழுதுகிறேன். போன வாரம் நாங்கள் ஒரு கச்சேரிக்குப் போனோம். நம் சபா கச்சேரி இல்லை. எலெக்ட்ரிக் கிதார், டிரம்ஸ், லேசர் வெளிச்சம், தீ எல்லாம் சேர்ந்த கிறிஸ்துமஸ் ராக் கச்சேரி.

இங்கே வந்து இது எட்டாவது டிசம்பர். இத்தனை வருஷமும் இந்த மாதம் எங்களுடையது இல்லை என்றே இருந்துவிட்டோம். ஊரே விளக்கு போட்டுக்கொண்டு நிற்கும், கிறிஸ்துமஸ் அன்று கடை கண்ணி மூடியிருக்கும். நாங்கள் பாலாஜி கோயிலுக்குப் போய் வந்து வீட்டுக்குள் அடைந்து கிடப்போம். இந்த வருஷம் பெரியவள்தான் மாற்றினாள். பள்ளிக்கூட ஆர்கெஸ்ட்ராவில் செல்லோ எடுத்திருக்கிறாள் என்று சொன்னேன் இல்லையா? வயலினுக்குப் பெரியக்கா மாதிரி இருக்கும், தரையில் ஊன்றிக் கால்களுக்கு நடுவே வைத்து வாசிப்பது. குளிர்காலக் கச்சேரிக்காக ஒரு மாதம் ஒரே மெட்டை வாசித்துக்கொண்டிருந்தாள். நான் தோசை வார்க்கும்போதும் அது, பாத்திரம் கழுவும்போதும் அது. 'கேரல் ஆஃப் தி பெல்ஸ்' என்று மணியோசையைப் பற்றிய பாட்டு. இங்கே டிசம்பரில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் கேட்கும். அதையே டிரான்ஸ் சைபீரியன் ஆர்கெஸ்ட்ரா என்ற குழு பெரிய அளவில் வாசிக்கிறது, அதை நேரில் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். செலவு கொஞ்சம் அதிகம்தான். ஆனால் விற்கிற ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு டாலருக்குக் குறையாமல் தர்ம காரியத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள் என்று தெரிந்ததும் உன் மாப்பிள்ளையும் சரி என்றுவிட்டார்.

கச்சேரி ரோஸ்மாண்ட் என்ற இடத்தில். ஓ'ஹேர் விமான நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. நீயும் அப்பாவும் வந்து இறங்கினீர்களே, அதே விமான நிலையம்தான். வண்டியை நிறுத்திவிட்டு நடக்கும்போது தலைக்கு மேலே விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. சின்னவன் அண்ணாந்து பார்த்து, "பாட்டி இதிலா வருகிறாள்?" என்று கேட்டான். எனக்கு ஒரு நிமிஷம் கால் நகரவில்லை.

உள்ளே ஆயிரக்கணக்கில் கூட்டம். மூன்று தலைமுறையாக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு தாத்தா, அவர் மகள், பேரப்பிள்ளைகள். வருஷா வருஷம் வருவார்களாம். இந்தக் குழுவுக்கு அவ்வளவு கிராக்கி. ஒரே பெயரில் இரண்டு கோஷ்டிகளாகப் பிரிந்து நவம்பரிலும் டிசம்பரிலும் நாடு முழுக்கச் சுற்றுகிறார்கள். பல ஊர்களில் ஒரே நாளில் இரண்டு தடவை வாசிக்கிறார்கள்.

முதல் அடி விழுந்ததும் சின்னவன் வீறிட்டு அழுது என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கூட்டிக்கொண்டு வெளியே போய்விடலாம் என்று எழுந்துவிட்டேன். அந்தத் தாத்தா கையைக் காட்டி நிறுத்தி, பையிலிருந்து பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்த காதடைப்பான் ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தார். உறைகூடப் பிரிக்கவில்லை. குழந்தைகளுக்கென்று எப்போதும் கூடுதலாக எடுத்து வருவாராம். அதை வைத்த பிறகு சின்னவன் மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தான். அப்புறம் மூடவே இல்லை.

அம்மா, அந்தச் சத்தத்தை உனக்கு எப்படிச் சொல்வது? உற்சவத்தில் தவில் வாசிக்கும்போது மண்டபத் தூணில் கை வைத்தால் உள்ளங்கையில் அதிருமே, அதே அதிர்வு நெஞ்சுக்கூட்டுக்குள். மேடையில் தீ எழும்பும்போது தூரத்தில் இருந்த எங்கள் கன்னத்தில் சூடு தட்டியது. லேசர் கதிர்கள் பச்சையும் நீலமுமாகத் தலைக்கு மேலே கூரை போட்டன. கறுப்புக் கோட்டும் நீள முடியுமாகக் கிதார் வாசிக்கிறவர்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. நடுவில் மேலேயிருந்து பனி மாதிரி நுரை பெய்தது. சின்னவன் கையில் பிடித்துப் பார்த்து, "குளிரவே இல்லை அம்மா" என்றான்.

முதல் பாதி நம் கதாகாலட்சேபம் மாதிரியே இருந்தது. ஒருவர் கனத்த குரலில் கதை சொல்கிறார், நிறுத்துகிற இடத்தில் பாட்டு வருகிறது, மறுபடி கதை. வீட்டைவிட்டு ஓடிவந்த ஒரு பெண் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் பாழடைந்த நாடகக் கொட்டகைக்குள் ஒதுங்குகிறாள். அங்கே அந்தக் கொட்டகையின் பழைய ஆவிகளும் காவல்காரரும் சேர்ந்து அவள் மனத்தை வீட்டுப் பக்கம் திருப்புகிறார்கள். இருட்டில் நான் அழுதேன். உன் மாப்பிள்ளை பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம்தான் பெரியவள் காத்திருந்த அந்த மெட்டு வந்தது. இந்தக் குழுவைத் தொடங்கிய பால் ஓ'நீல் 2017-இல் இறந்துவிட்டார். போஸ்னியப் போரில் சரயேவோ நகரம் முற்றுகையில் கிடந்தபோது இடிபாடுகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒருவர் செல்லோ வாசித்ததைக் கேள்விப்பட்டு, அந்த நினைவில் இந்தப் பழைய மெட்டை ராக் இசையாக மாற்றி அமைத்தாராம். 1996-இல் வந்த இசைத்தட்டில் இந்தப் பாட்டின் தொடக்கத்தில் கேட்பது தனியாக ஒரு செல்லோதான். அப்புறம் டிரம்ஸும் கிதாரும் போர் மாதிரி மேலே விழும். அன்றைக்கு மேடையில் அது முழங்கியபோது கூட்டம் முழுக்க எழுந்துவிட்டது. இவள் மட்டும் உட்கார்ந்தபடி, இடது கை விரல்களைத் தன் முழங்காலில் அழுத்தி அழுத்தி வாசித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கேசரி எடுத்துக்கொண்டு போனேன். உக்ரைன்காரர். மகனோடு இருக்கிறார். கச்சேரிக்குப் போனதைச் சொன்னதும், மாவு பிசைந்த கையைத் துடைத்துக்கொண்டு, "அது எங்கள் பாட்டு" என்றார். எனக்குத் தெரியாது அம்மா. அந்த மெட்டை முதலில் பாட்டாக அமைத்தவர் லெயோன்டோவிச் என்ற உக்ரைன்காரர். 1916-இல் கீவ் நகரத்தில் முதலில் பாடினார்கள். 1921-இல் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். மறு வருஷம் உக்ரைன் பாடகர் குழு ஒன்று அதை நியூயார்க்கில் பாடியபோது அவர் இல்லை. 1936-இல்தான் இங்கே ஆங்கிலத்தில் மணியோசை வரிகளைப் போட்டார்கள்.

மூல வரிகளில் மணியும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை. ஒரு தகைவிலான் குருவி வீட்டு வாசலுக்குப் பறந்து வந்து, எஜமானே, வெளியே வந்து பார், பட்டியில் ஆட்டுக்குட்டிகள் பிறந்திருக்கின்றன, உனக்கு நல்ல வருஷம் என்று கூப்பிடுகிறது. புத்தாண்டுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடுகிற பாட்டு. பாட்டி சின்னப் பெண்ணாக இருந்தபோது பனியில் நடந்து போய்ப் பாடினாராம். வீட்டுக்காரர்கள் கையில் வால்நட்டும் காசும் கொடுப்பார்களாம். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்தபடி மெல்லப் பாடிக் காட்டினார். குரல் நடுங்கியது, சுருதி விலகவில்லை. எனக்கு நம் தெருவில் விடியற்காலையில் வருகிற பஜனை கோஷ்டியும், நீ இலையில் வைத்துக் கொடுக்கிற பொங்கலும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. பறவை வந்து வீட்டை எழுப்புகிற பாட்டு உனக்குப் புதிதா?

வீட்டுக்கு வந்து பெரியவளிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வில்லை எடுத்தாள். நீ போன கோடையில் சரளி வரிசை சொல்லிக் கொடுத்தது இன்னும் நினைவில் வைத்திருக்கிறாள். "அம்மா, மூன்று ஸ்வரம்தான், பாரேன்" என்று வாயால் பாடிக்கொண்டே வாசித்தாள். க ரி க ஸ, க ரி க ஸ. அவ்வளவுதான் அந்த மெட்டின் வேர். சின்ன காந்தாரம்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது உன்னோடு சேர்ந்து இதை வாசிக்க வேண்டும் என்கிறாள். பரண்மேல் இருக்கிற சுருதிப் பெட்டியை அப்பாவை ஏறவிடாமல் யாரையாவது விட்டு எடுத்துத் துடைத்து வை. அவள் ஸட்ஜமம் எந்தக் கட்டை என்று அன்றைக்குச் சொல்வாள். நீ ஸ்வரமாகப் பாடினால் போதும். பக்கத்து வீட்டுப் பாட்டியையும் வரச் சொல்லியிருக்கிறேன். வரிகளை அவர் பார்த்துக்கொள்வார்.

அன்பு மகள்.