தர்பாரிக்கு ஓர் இரவு கொடுங்கள்

சென்னையில் இந்துஸ்தானி வாய்ப்பாட்டுக் கச்சேரிகளை நடத்தும் சபா நிர்வாகிகளுக்கு,

வணக்கம். வடக்கிலிருந்து ஒரு பாடகரையும் பக்கவாத்தியக்காரர்களையும் வரவழைத்து, தங்க வைத்து, மேடையேற்றுவதில் எவ்வளவு செலவும் அலைச்சலும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த நன்றியோடுதான் ஒன்று கேட்கிறேன். இரவு ராகங்களை, அதிலும் நள்ளிரவுக்குரிய தர்பாரியை, இரவில் பாட விடுங்கள்.

நான் செங்கல்பட்டுக்காரன். வேலைக்குப் போய்வரும் மின்சார ரயில் தினமும் சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் நின்றுதான் கிளம்பும். 1937 அக்டோபரில் உஸ்தாத் அப்துல் கரீம் கானின் உயிர் பிரிந்தது அந்த ஸ்டேஷனில். கிரானா கரானா என்ற பாட்டுப் பரம்பரைக்கு ஊரெல்லாம் பெயர் வாங்கித் தந்தவர், சவாய் கந்தர்வரின் குரு, அந்த வழியில் பீம்சேன் ஜோஷிக்குத் தாத்தா குரு. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும்போது நெஞ்சுவலி வந்து ரயிலைவிட்டு இறங்கியிருக்கிறார். பிளாட்பாரத்தில் படுக்கையை விரிக்கச் சொல்லி, தம்பூராவைச் சுருதி கூட்டச் சொல்லி, தர்பாரி ராகத்தில் இறைவனைப் பாடிக்கொண்டே கண்ணை மூடினார் என்று அவர் கதையைச் சொல்கிறவர்கள் சொல்கிறார்கள். எத்தனையோ ராகங்களைக் கரைத்துக் குடித்தவருக்கு அந்த நேரத்தில் நாவில் வந்தது தர்பாரி. ரயில் அங்கே நிற்கும் அரை நிமிடத்தில் நான் இதை நினைக்காத நாள் குறைவு.

போன வருஷம் நம் நகரத்தில் ஒரு கச்சேரி. மாலை ஏழேகாலுக்குப் பாடகர் தர்பாரியை எடுத்தார். அதற்கு முன்பே, 'அடுத்து வருவது சோக ராகம்' என்று அறிவிப்பாளர் சொல்லிவிட்டார். வெளியே ஹார்ன் சத்தம், உள்ளே கேன்டீன் தோசை வாசனை. இருபதாவது நிமிடம் மேடைக்கு ஒரு துண்டுச்சீட்டு போனது. பாடகர் அதைப் படித்து மடித்து முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, விலம்பித் என்ற மெதுநடைப் பகுதியை அப்படியே நிறுத்திவிட்டு துரித கதிக்குப் போனார். அடுத்தது அபங் என்ற மராத்தி பக்திப் பாட்டு. அரங்கம் கைதட்டியது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விலம்பித்தில் 12 மாத்திரை ஏக்தால் தாளம் ஒரு சுற்று சுற்றிவர முக்கால் நிமிடத்துக்குக் குறையாது. இருபது நிமிடத்தில் எத்தனை சுற்று வரும்? அதற்குள் அவர் காந்தார ஸ்வரத்தைத் தொட்டதே பெரிது.

அந்தக் காந்தாரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ரிஷபத்திலிருந்து குரல் மேலே போகும், ஆனால் காந்தாரத்தில் நிலையாக நிற்காது. ஆழக் கிணற்றில் வாளியை இறக்கும்போது கயிறு மெல்ல ஆடுமே, அப்படி ஓர் ஆட்டம். ஆந்தோலனம் என்பார்கள். நம் ஆர்மோனியக் கட்டையில் இருக்கும் காந்தாரத்தைவிட இது ஒரு மயிரிழை தாழ்வானது. ஆடி முடித்து, மத்யமத்தைத் தொட்டுவிட்டு, ரிஷபம் வழியாக ஷட்ஜத்தில் வந்து உட்காரும். பிறகு ஷட்ஜத்துக்கும் கீழே, மந்த்ர ஸ்தாயியில் இறங்கும். அங்கே தைவதம், அதற்கும் அதே ஆட்டம். குரல் கீழே போகப் போகக் கேட்பவரின் மூச்சும் கூடவே இறங்கும். சொல்லி வரவழைப்பதில்லை, தானாக நடக்கும்.

(இதற்குப் பக்கவாத்தியமாக, வில்லால் இழைக்கும் சாரங்கியை வையுங்கள் என்றும் கெஞ்சுகிறேன். கட்டையை அழுத்தினால் ஸ்வரம் அசையாமல் நிற்கும் வாத்தியத்துக்கு இந்த ராகத்தில் என்ன வேலை? அகில இந்திய வானொலி 1940 தொடங்கி முப்பது வருஷம் ஆர்மோனியத்தை உள்ளேயே விடவில்லை. தடை சரியா தவறா என்ற விவாதம் வேறு. தர்பாரியின் காந்தாரத்தைக் கேட்டவர்களுக்கு அந்தக் கோபம் புரியும்.)

வேலை நிமித்தம் சில வருஷம் புணேயில் இருந்தேன். பழைய நகரத்தில் ஒரு வீட்டுக் கூடம், முப்பது பேர் இருப்போம், தரையில் ஜமுக்காளம். இரவு பதினொன்றரைக்கு மேல்தான் பாட வந்த அம்மாள் தர்பாரியைத் தொடங்கினார். அதற்கு முன் பத்து நிமிடம் தம்பூராவுக்கே போனது. தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரைக்கும் நடுவில் இருக்கும் ஜீவா நூலை நகத்தால் அணு அணுவாக நகர்த்தினார். கார்வை சரியாக விழுந்த நொடியில் கூடம் முழுக்க அந்த ரீங்காரம் நிறைந்தது. பிறகு ஒன்றே கால் மணி நேரம். மந்த்ரத்தை விட்டு மேலே வர அவருக்கு அரை மணிக்கு மேல் ஆயிற்று. எனக்குப் பக்கத்தில், அலுவலகத்திலிருந்து நேராக வந்த ஓர் இளைஞர், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, இரண்டு உள்ளங்கையையும் தரையில் அழுத்தியபடி உட்கார்ந்திருந்தார். முடிந்தபோது யாரும் கைதட்டவில்லை. தம்பூரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சோகம் என்று அதைச் சொல்ல என்னால் முடியாது. அம்மா தவறி நாற்பது நாள் ஆகியிருந்தது எனக்கு. அழுகை வரவில்லை. ஆனால் அந்த நாற்பது நாளும் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் பக்கத்தில் அமர்ந்தது போல இருந்தது. விளக்கில்லாத பிராகாரத்தில் தனியாக நடக்கும்போது நம்மை நாமே அடக்கிக்கொள்வோமே, அந்த அடக்கம். அக்பரின் சபையில் தான்சேன் பாடியது என்று பாரம்பரியம் சொல்லும் ராகம் இது. பேரரசனையும் கை கட்ட வைத்திருக்கும் என்று அன்றைக்குத் தோன்றியது.

இது மாலை ஏழேகாலுக்கு வராதா என்று கேட்கலாம். கொஞ்சம் வரும். ஆனால் நள்ளிரவை ஒட்டி ஊர் அடங்கியிருக்கும்போது, காதுக்கு வேறு வேலை இல்லாதபோது, ஒரு ஸ்வரத்தின் ஆட்டத்தைக் கடைசி அசைவு வரை கேட்க முடிகிறது. இது நமக்குப் புதிதும் இல்லை. தேவாரப் பண்களையே பகற்பண், இராப்பண் என்று பிரித்து வைத்தவர்கள் நாம். விடிய விடிய நாகஸ்வரமும் தெருக்கூத்தும் கேட்ட ஊர்கள் இவை.

சட்டம் இடம் தராது என்பீர்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடுப்பது திறந்த வெளியில். மூடிய அரங்கத்துக்கு விலக்கு உண்டு. புணேயில் 1953இல் தொடங்கி விடிய விடிய நடந்த சவாய் கந்தர்வ விழா, திறந்தவெளிப் பந்தல் என்பதால் பத்து மணிக் கணக்குக்குள் சுருங்க வேண்டியதாயிற்று. கொல்கத்தாவின் டோவர் லேன் இசை மாநாடு இரவு முழுக்க நடப்பதாலேயே பெயர் பெற்றது. உங்களிடம் நல்ல மூடிய அரங்குகள் இருக்கின்றன.

வருஷத்தில் ஒரே ஓர் இரவு போதும். அக்டோபர் கடைசியில், அப்துல் கரீம் கானின் நினைவு நாளை ஒட்டி. இரவு பத்துக்குக் கதவைச் சாத்துங்கள். பாகேஸ்ரீயில் தொடங்கி, தர்பாரிக்கு ஒன்றரை மணி நேரம் விட்டு, மால்கௌன்ஸ், சோஹினி என்று போய், வெளுக்கும்போது லலித்தில் முடியட்டும். இரண்டு மூன்று பாடகர்கள் போதும். நடுவில் பொன்னாடையும் உரையும் வேண்டாம். என்ன உணர வேண்டும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். துண்டுச்சீட்டு வேண்டவே வேண்டாம்.

ரயில் இல்லாத நேரமாயிற்றே, ஆட்கள் எப்படி வருவார்கள் என்ற கவலையும் வேண்டாம். கடைசி ரயில் போன பிறகுதான் தர்பாரி. அது முடிந்தும் ராகங்கள் மிச்சம் இருக்கும். லலித் முடியும்போது எங்களுக்குக் காலை ரயில் இருக்கும். நான் அதைப் பிடித்து, சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி வீட்டுக்குப் போய்க்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செங்கல்பட்டிலிருந்து ஒரு ரசிகன்